வான்கோழிக்கு முகம் வீங்குதா? சிஆர்டி நுழைஞ்ச கொட்டகைல என்ன செய்யணும்

காலைல தீவனம் வைக்கப் போறீங்க, எல்லாம் ஓடி வருது, ஒண்ணு மட்டும் தள்ளி நிக்குது, ஒரு கண்ணு மூடியிருக்கு, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல எலுமிச்சங்காய் சைஸுக்குப் புடைச்சிருக்கு. தொட்டா மெத்துனு இருக்கு. நம்ம ஆளுங்க மொதல்ல நெனைக்கிறது "ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்" இல்லேன்னா "சேவல் சண்டைல அடிபட்டிருக்கும்". நானும் அப்டித்தான் நெனைச்சேன், மஞ்சள் பத்து போட்டு விட்டுட்டேன். நாலு நாள்ல அதே மாதிரி ஏழு பறவை.

அது பூச்சிக்கடி இல்ல, சிஆர்டி. நாள்பட்ட சுவாச நோய்னு கால்நடை டாக்டருங்க சொல்லுவாங்க, மைகோபிளாஸ்மா கேலிசெப்டிகம்னு ஒரு பாக்டீரியா. கோழிக்கும் வரும், ஆனா கோழி பெரும்பாலும் தும்மிட்டு, லேசா கொறகொறன்னு மூச்சு விட்டுட்டு நடமாடும், முட்டையும் ஓரளவு போடும். வான்கோழிக்கு இது ரொம்ப மோசமா வரும், முகத்துல இருக்கிற சைனஸ் பை நெறைஞ்சு ஊதிப் போகும். மனுசனுக்கு இது தொத்தாது, அந்த பயம் வேணாம்.

இதை நான் எழுதுறது நந்தனம் வான்கோழி, பெல்ட்ஸ்வில் வெள்ளை, நாட்டுக் கருப்புன்னு இருபது முப்பதுல இருந்து ஒரு நூறு வரைக்கும் வளர்க்கிறவங்களுக்கு. அதுக்கு மேல வச்சிருக்கிறவங்களுக்குத் தனியா டாக்டர் இருப்பாரு.

முகம் வீங்குறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம், அதுதான் முக்கியம், ஏன்னா வீங்குன பிறகு நீங்க பாக்குறது நோயோட ரெண்டாவது பாதி. ராத்திரி ஒம்பது பத்து மணிக்கு, எல்லாம் அடைஞ்ச பிறகு, டார்ச்ச அணைச்சிட்டு கொட்டகைக்குள்ள போய் சும்மா நில்லுங்க. போன சைலன்ட்ல போடுங்க. மொத ரெண்டு நிமிசம் அதுங்க கலைஞ்சு முனகும், அப்புறம் அடங்கிடும், அதுக்கப்புறம் ஒரு பத்து நிமிசம் காத குடுத்துக் கேளுங்க. நல்ல மந்தைல ஒரு சத்தமும் வராது. சிஆர்டி இருந்தா எங்கயோ ஒரு மூலைல இருந்து தண்ணி பைப்புல காத்து அடைச்ச மாதிரி களக் களக்குனு ஒரு சத்தம், நடுவுல ஒரு சின்ன தும்மல். பகல்ல அதுங்க போடுற கூச்சல்ல இது உங்களுக்குக் கேக்கவே கேக்காது. நான் இப்போ வாரம் ரெண்டு ராத்திரி போறேன், என் வீட்டம்மா "பொண்டாட்டி பேசுறத இவ்ளோ கவனமா கேட்டிருக்கீங்களா"ன்னு கேட்டா, பதில் இல்ல என்கிட்ட.

அடுத்து தோள்பட்டை. வான்கோழிக்கு மூக்கு ஒழுகுனா அது தலைய திருப்பி இறக்கை மேல, தோள் பக்கத்துல தேய்க்கும், குழந்தைங்க சட்டைக் கைல மூக்க தொடைக்கிற மாதிரியே. அந்த எடத்துல இறகு ஒட்டிப்போய் பழுப்பா, காஞ்ச பசை மாதிரி இருக்கும். வெள்ளை வான்கோழில தூரத்துல இருந்தே தெரியும், கருப்புல தடவிப் பாத்தாத்தான் தெரியும். கண்ணோரத்துல சோப்பு நுரை மாதிரி சின்னச் சின்ன குமிழி இருக்கான்னும் பாருங்க. புடிச்சு மூக்கு ஓட்டை மேல விரல வச்சு லேசா அமுக்குனா தண்ணியோ சளியோ வந்தா சந்தேகமே வேணாம், ஏதோ சுவாச நோய் உள்ள வந்தாச்சு.

ஆனா ஏதோ சுவாச நோய்னு சொன்னேனே தவிர சிஆர்டின்னு சொல்லல, ஏன்னா முகத்த பாத்து மட்டும் முடிவு பண்ணக் கூடாது. ரெண்டுல இருந்து ஆறு வாரக் குஞ்சுங்க கூட்டமா தும்முதுன்னா, கத்துற சத்தமே மாறி கம்முன தொண்டைல கத்துதுன்னா அது போர்டெடெல்லாவா இருக்கலாம், அது வேற கிருமி, மூச்சுக்குழாயையே தளர வச்சிடும். புது குஞ்சு வாயத் தொறந்து மூச்சு வாங்குது ஆனா கொறகொற சத்தமே இல்லேன்னா கூளத்துல பூஞ்சை புடிச்சிருக்கான்னு பாருங்க. வளந்த பறவை நேத்து சாயங்காலம் நல்லா தின்னுட்டு காலைல செத்துக் கெடந்தா கோழிக் காலராவ நெனைக்கணும். பச்சையா கழியுது, கழுத்து முறுக்கிக்குது, ரெக்கை தொங்குதுன்னா வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட்னு சொல்றது. கோழில வர்ற கோரைசாவுக்கும் முகம் வீங்கும், ஆனா அது வான்கோழிய பெருசா தொடாது, அதனால கடைல "கோரைசா தடுப்பூசி போடுங்க"ன்னு சொன்னா காச மிச்சம் பண்ணுங்க.

இதுல ஒண்ணு மட்டும் விளையாட்டு இல்ல. ஒரே ரெண்டு நாள்ல மடமடன்னு சாவுதுன்னா, தலையும் தாடியும் நீலம் பாரிச்சிருக்குன்னா, அது பறவைக்காய்ச்சலாவும் இருக்கலாம். அதுக்கும் முகம் வீங்கும். செத்தத அறுத்துப் பாக்காதீங்க, வெறுங்கையால தொடாதீங்க, அக்கம்பக்கத்துக்குக் கறிக்குக் குடுக்காதீங்க, உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க. சிஆர்டி மட்டும் இருந்தா சாவு மெதுவாத்தான் இருக்கும். அது சாகடிக்கிறத விட இளைக்க வைக்கும், ஏழு கிலோ வர வேண்டிய சேவல் அஞ்சுல நின்னுடும், அங்கதான் நம்ம காசு போகுது.

சரி, சந்தேகம் வந்த அன்னிக்கு என்ன பண்றது. நோய்ப்பட்டத பிரிச்சு காத்து அடிக்கிற திசைக்குக் கீழ்ப்பக்கமா, கொஞ்சம் தள்ளி வைங்க. அதுக்கு தனி தண்ணி டப்பா, தனி தீவனத் தட்டு, தனி செருப்பு. வேலைய எப்பவும் நல்லதுல ஆரம்பிச்சு நோயுல முடிங்க, திரும்ப நல்லது பக்கம் போகவே கூடாது, போகணும்னா குளிச்சு துணி மாத்திட்டுப் போங்க. இந்த கிருமி வெளில ரொம்ப நாள் தாங்காது, ஆனா மனுசன் தலைமுடில மூணு நாள், இறகுல ரெண்டுல இருந்து நாலு நாள், பருத்தித் துணில நாலு நாள் வரைக்கும் உசுரோட இருக்கும். நீங்க தோள்ல போட்டிருக்கிற துண்டு இருக்கே, அதுதான் பஸ்ஸு, அதுல ஏறித்தான் அடுத்த கொட்டகைக்குப் போகுது. பொதுவா ஒரே தண்ணித் தொட்டிதான் மந்தை முழுக்க பரப்பும், மூக்கு ஒழுகுறது அதுல முக்கி குடிச்சா அடுத்தது அதையே குடிக்குது.

பிரிச்சதோட பிரச்சனை முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. உள்ள போன கிருமி வெளில தெரிய ஆறுல இருந்து இருபத்தி ஒரு நாள் ஆகும், அதனால இன்னிக்கு நல்லா இருக்கிறதுலயும் பாதி ஏற்கனவே வாங்கியிருக்கும். அந்த கொட்டகைல இருக்கிற மொத்தத்தையும் நோய்ப்பட்டதாவே கணக்கு வச்சு நடந்துக்கணும்.

மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடி, மறுபடியும் சொல்றேன், முன்னாடி, டாக்டரக் கூப்ட்டு சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க. தொண்டைல, அண்ணாக்குல இருக்கிற பொளவுல பஞ்சு குச்சிய விட்டு எடுத்து, கிருமியோட மரபணுவ தேடுற பிசிஆர் டெஸ்ட் பண்ணலாம், ரத்தம் எடுத்து தட்டுல ஒரு சொட்டு கலர் ஆன்டிஜென் கூட கலந்து கட்டி கட்டுதான்னும் பாக்கலாம், அது சில நிமிசத்துல தெரிஞ்சிடும், ஆனா நோய் வந்த புதுசுல அது காட்டாமலும் போகலாம், கொஞ்ச நாள் முன்னாடிதான் ஏதாவது தடுப்பூசி போட்டிருந்தா நோய் இல்லாமலே இருக்குன்னு பொய்யாவும் காட்டலாம். அதனால ஒரே பறவைய மட்டும் பாக்காம பத்து பன்னெண்டு பறவைல எடுக்கச் சொல்லுங்க. ஆன்டிபயாடிக் குடுத்துட்டு சாம்பிள் எடுத்தா கிருமி பதுங்கிக்கும், காசு தண்டம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம் இருக்கிறவங்களுக்கு வசதி, முட்டைக் கோழி ஊருங்கிறதால அங்க கோழி நோய் பாக்குறதுல கை தேர்ந்தவங்க இருக்காங்க, செத்தது ஒண்ணு புதுசா இருந்தா ஐஸ் போட்டு எடுத்துட்டுப் போங்க.

எனக்கு அப்டி ஒண்ண அறுத்துக் காட்டுனாரு ஒரு டாக்டர். நல்ல பறவைல காத்துப்பை மெல்லிசா, மளிகைக் கடை பாலிதீன் கவர் மாதிரி பளபளன்னு இருக்கும், அந்தப் பக்கம் இருக்கிறது தெரியும். என்னோடதுல அது பால் ஊத்துன மாதிரி வெளுத்து தடிச்சு, மடிப்புல மஞ்சளா பனீர்க் கட்டி மாதிரி திட்டு திட்டா. ஈரல் மேல ஒரு வெள்ளை ஏடு. "இந்த ஏடு ஈகோலைங்கிற குடல் பாக்டீரியா வேலைங்க, சிஆர்டி கதவ தொறந்து விட்டுச்சு, இது உள்ள வந்து உக்காந்துக்கிச்சு"ன்னாரு. செத்ததுல முக்கால்வாசி இப்டி ரெண்டு சேந்து செத்ததுதான்னும் சொன்னாரு.

இப்போ மருந்து, இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. மைகோபிளாஸ்மாவுக்கு செல் சுவர்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், செஃபலெக்சின் எல்லாம் அந்த சுவர கட்ட விடாம பண்ணித்தான் கிருமிய கொல்லும், சுவரே இல்லாததுகிட்ட அதுக்கு என்ன வேலை. நான் மருந்துக்கடைல சொன்னத கேட்டு அஞ்சு நாள் அமாக்சிசிலின் குடுத்தேன், ஒரு மாத்தமும் இல்ல, அந்த அஞ்சு நாள்ல வீங்குனது ஏழுல இருந்து பத்தொம்பது ஆச்சு. இதுக்கு வேலை செய்றது டைலோசின், டையாமுலின், டாக்சிசைக்ளின், ஆக்சிடெட்ராசைக்ளின் இந்த வகை. எது உங்களுக்குன்னு டாக்டர் சொல்லட்டும். பொதுவா டைலோசின் டார்ட்ரேட் தண்ணில கலக்குறதுன்னா வான்கோழிக்கு லிட்டருக்கு அரை கிராம ஒட்டி, 3ல இருந்து 5 நாள். அது மருந்துச் சத்தோட எடை, பாக்கெட்டுல இருக்கிற பவுடரோட எடை இல்ல, பாக்கெட்டுல எத்தனை சதவீதம்னு பாத்து கணக்குப் போடுங்க, இத கவனிக்காமத்தான் பாதி பேர் பாதி டோஸ் குடுத்துட்டு மருந்து சரியில்லன்னு சொல்றாங்க.

எவ்ளோ தண்ணில கலக்குறதுன்னு தெரியலையா, மொத நாள் வெறும் தண்ணிய அளந்து ஊத்துங்க, மறுநாள் மிச்சத்த அளந்து கழிங்க, அதான் உங்க மந்தை குடிக்கிற அளவு. கலந்ததத் தவிர வேற தண்ணி எங்கயும் இருக்கக் கூடாது, ஒழுகுற குழாய், மாட்டுத் தொட்டி, மழைத் தண்ணி குட்டை எதுவும். டைலோசின் கசக்கும், வேற தண்ணி இருந்தா அங்கதான் போகும், அதுங்க ஒண்ணும் முட்டாள் இல்ல. துருப்பிடிச்ச தகர வாளில கலக்காதீங்க, மருந்து கெட்டுடும், பிளாஸ்டிக் வாளி போதும்.

கண்ணு ரெண்டும் மூடிப்போனது தண்ணிகிட்ட வரவே வராது, அதுக்கு தண்ணில கலந்து என்ன பிரயோஜனம். அத கைல புடிச்சு வாய்ல குடுக்கணும் இல்லேன்னா ஊசி. வீக்கத்த நீங்களே பிளேடால கீறி விடாதீங்க, எங்க ஊர்ல ஒருத்தர் கீறினாரு, கண்ணே போச்சு. மொத வாரத்துல உள்ள இருக்கிறது கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும், டாக்டர் ஊசி போட்டு உறிஞ்சினா சிரிஞ்சுல வந்துடும், அதே ஓட்டைல மருந்தையும் உள்ள விடுவாரு, ரெண்டு மூணு நாள்ல முகம் வத்திடும். ரெண்டு மூணு வாரம் விட்டுட்டா உள்ள இருக்கிறது கெட்டி சீழா மாறி ஊசிக்கு வராது. அதனால சீக்கிரம் கூப்டுங்க.

அடுத்து சொல்றது உங்க மந்தைய ஒரே நாள்ல காலி பண்ணக்கூடிய விசயம். டையாமுலின் குடுக்கிற நாள்ல தீவனத்துல மொனென்சின், சாலினோமைசின், நராசின்னு எதுவும் இருக்கவே கூடாது. இதெல்லாம் ரத்தக் கழிச்சலுக்காக பிராய்லர் தீவனத்துல கம்பெனிக்காரங்க சேக்கிறது. ரெண்டும் சேந்தா காலு விழுந்து, கழுத்து தரைல போட்டுட்டு செத்துப் போகும். அதுலயும் சாலினோமைசின் வளந்த வான்கோழிக்குத் தனியாவே விஷம். வான்கோழித் தீவனம் கெடைக்கலன்னு பிராய்லர் மூட்டை வாங்கிப் போடுறவங்க மூட்டைல தச்சிருக்கிற சீட்ட படிங்க, படிக்க முடியலன்னா டீலருக்கு போன் பண்ணி கேளுங்க, அவருக்கும் தெரியலன்னா அந்த மூட்டை வேணாம்.

மருந்து குடுத்து முடிச்ச உடனே கறிக்கு அடிக்காதீங்க. லேபிள்ல இத்தனை நாள் கழிச்சுன்னு போட்டிருக்கும், அந்த நாள் கணக்க காலண்டர்ல எழுதி வைங்க.

மருந்து பாதி, கவனிப்பு பாதி. உக்காந்து பாருங்க கொட்டகைல, நிக்காதீங்க, வான்கோழி தலை இருக்கிற உயரத்துக்கு உக்காருங்க. கண்ணு எரிஞ்சா, மூக்குல சுருக்குனு ஏறுனா அமோனியா ஜாஸ்தின்னு அர்த்தம். நம்ம நின்னுட்டு "ஒண்ணும் நாத்தம் இல்லையே"ம்போம், அதுங்க கீழ அதுலயே மூச்சு விட்டுட்டு கெடக்கும். அந்தப் புகை மூச்சுக்குழாய்ல இருக்கிற மெல்லிசான ரோமத்த வேலை செய்ய விடாது, சளிய வெளில தள்றதே அதுதான். தண்ணி டப்பாவ சுத்தி இருக்கிற நனைஞ்ச உமிய அன்னன்னிக்கே அள்ளுங்க, கூளத்த கெளறி விடுங்க, சாக்குப் படுதாவ மழைக்கு மட்டும் எறக்குங்க, குளிருதேன்னு ராத்திரி முழுக்க நாலு பக்கமும் இழுத்து மூடாதீங்க. ஐப்பசி கார்த்திகைல இந்த நோய் தூக்குறதே இதனாலதான், ஈரமும் மூடுன படுதாவும். வளந்த வான்கோழிக்கு நாலு அஞ்சு சதுர அடியாவது வேணும், நெரிசல்ல எந்த மருந்தும் நிக்காது.

கண்ண வெதுவெதுப்பான உப்புத் தண்ணில ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பஞ்சால தொடைச்சு விடுங்க. பாக்க முடியாதது பசிலயே செத்துடும், நோயில இல்ல. தீவனத்த தண்ணி விட்டுப் பெசைஞ்சு, மேல பொடியா நறுக்குன வெங்காயத்தாளோ முருங்கைக் கீரையோ தூவி மூக்குக்கு நேரா வைங்க. எங்க அம்மாச்சி சின்ன வெங்காயம், மிளகு, வெத்தலை, மஞ்சள் இடிச்சு உருண்டை புடிச்சுக் குடுக்கும். குடுத்தா திங்கிறது கொஞ்சம் தேறுச்சு, உண்மைய சொல்லணும்ல. ஆனா அதுல கிருமி போச்சுன்னு நெனைச்சு டாக்டருக்குப் போகாம இருந்தது என் தப்பு, அம்மாச்சி தப்பு இல்ல. வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தோ ஊசியோ போட வேண்டிய தேதி இதுக்கு நடுவுல வந்தா டாக்டர கேட்டுட்டு தள்ளிப் போடுங்க, உயிர்த் தடுப்பூசி சிஆர்டி இருக்கிற மந்தைல சளிய கெளப்பி விட்டுடும்.

பத்து நாள்ல முகம் வத்தும், தும்மல் நிக்கும், நீங்க சந்தோசப்படுவீங்க. ஆனா மருந்து மூக்க காய வைக்கும், கிருமிய வெளியேத்தாது. ஆறுன பறவை பாக்க நல்லா இருக்கும், ஆயுசுக்கும் கிருமிய தொண்டைல வச்சிருக்கும், மழை, குளிரு, வண்டில ஏத்துறது, முட்டைக்கு வர்றது, எது வந்தாலும் திரும்ப கெளம்பும். அதை விட மோசம், அது முட்டைக்குள்ளயே எறங்கும். அந்த முட்டைய 28 நாள் அடை வச்சு பொரிக்கிற குஞ்சுல சிலது பொறக்கும்போதே நோயோட வரும், ஒரே இன்குபேட்டர்ல பொரிச்ச மத்ததுக்கும் குடுக்கும். பெரிய நாடுகள்ல முட்டைய சூடு பண்ணி குளுந்த மருந்துத் தண்ணில முக்குறது, ரத்தம் பாத்து பாத்து தாய் மந்தைய கழிச்சுக் கட்டுறதுன்னு பல வருசம் பாடுபட்டுத்தான் அடக்குனாங்க. நம்ம அளவுக்கு ஒரே வழி, நோய் வந்த மந்தைல இருந்து முட்டை அடை வைக்காதீங்க, குஞ்சு விக்காதீங்க. முட்டைய வேக வச்சு திங்கலாம், மருந்து நாள் கணக்கு முடிஞ்ச பிறகு. பறவைய தேத்தி எடை ஏத்தி கிறிஸ்துமஸுக்கோ புது வருசத்துக்கோ கறிக்கு அனுப்பிட்டு மொத்தமா காலி பண்ணுங்க.

காலி பண்ணுனா கொட்டகை தூய்மையாகுறது இந்த நோய்ல ஒரு ஆறுதல். கிருமி வெளில ஒரு வாரம் கூட தாங்குறது கஷ்டம். கூளம் எல்லாத்தையும் வாரி தூரமா குப்பைக்குழில போடுங்க, தரைய சோப்புத் தண்ணில தேய்ச்சுக் கழுவி காய விடுங்க, அப்புறம் கிருமிநாசினி, அப்புறம் சுண்ணாம்பு. அழுக்கு மேல மருந்து தெளிக்கிறது குளிக்காம சென்ட் போடுற மாதிரி. ரெண்டுல இருந்து மூணு வாரம் வெயில்ல சும்மா போட்டு வைங்க. சுத்தி நாட்டுக் கோழி மேயுதுன்னா இத்தனையும் வீண், அதுங்கதான் சத்தம் போடாம நோய வச்சிருக்கும். வான்கோழிக்கும் கோழிக்கும் எடம் வேற வேணும். கருந்தலை நோயும் கோழிகிட்ட இருந்துதான் வான்கோழிக்கு வரும், அதுக்காகவும்தான்.

புதுசு வாங்குறப்ப வளந்தது வாங்காதீங்க, வாங்கவே வேணும்னா ராத்திரி போங்க. பகல்ல சந்தைல எல்லாம் ஜம்முனுதான் இருக்கும். என் மந்தைக்கு இது வந்தது வாரச்சந்தைல வாங்குன ஒரு சேவலும் அஞ்சு பெட்டையும் மூலமா, வித்தவரு "அருமையான சாதி, தாய்க்கு வைங்க"ன்னாரு, அன்னிக்கு சாயங்காலமே என்னோட முப்பத்தெட்டோட சேத்து அடைச்சேன், சரியா பன்னெண்டாம் நாள் தும்மல். அந்த சேவல் தோள்ல இறகு பழுப்பா ஒட்டியிருந்தத நான் பாத்தேன், சேத்துல பொரண்டிருக்கும்னு விட்டுட்டேன். குஞ்சா வாங்குங்க, கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணைல இல்லேன்னா தாய் மந்தைக்கு மைகோபிளாஸ்மா டெஸ்ட் பண்ணுன ரிப்போர்ட் காட்டுறவங்ககிட்ட. எங்க வாங்குனாலும் நாலு வாரம் தனியா, தனிச் செருப்போட. அந்த நாலு வாரமும் ராத்திரி போய் நின்னு கேளுங்க, நாலாவது வாரக் கடைசில பத்து பறவைல ரத்தம் பாத்துட்டு அப்புறம் சேருங்க.

அந்த சேவல நான் இன்னும் வச்சிருக்கேன், தோட்டத்துக்கு அந்தாண்ட தனிக் கூண்டுல, விக்கவும் மனசு வரல அறுக்கவும் மனசு வரல. மழை வந்தா ராத்திரி களக் களக்குன்னு அங்க இருந்து கேக்கும்.